நுவாகாய் அன்று பார்த்த சளி

மாநிலத் தலைநகர் புவனேஸ்வரிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் கண்டாபடா சுகாதார நிலையத்துக்கு ஒரு வாரம் முன்பே காய்ச்சல் கண்டுவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். ஜன்னலுக்குத் திரை வரும். வருஷம் முழுக்கத் திறக்காத பூட்டுக்கெல்லாம் எண்ணெய் விடுவார்கள். சேபதி மெஹருக்கு இந்தத் தடவை தலைவலி இரட்டை. அந்த வட்டாரத்தின் காசநோய் மேற்பார்வையாளர் அவள்தான் என்பதால் பதிவேடுகளையும் அவள்தான் சரிபார்த்து வைக்க வேண்டும். போதாக்குறைக்கு, கிராமங்களில் சுகாதார வேலை பார்க்கப் புதிதாகச் சேர்ந்த ஆஷா பெண்கள் இருபத்தாறு பேருக்கு இரண்டு நாள் பயிற்சியும் நடத்த வேண்டும். குழு வரும் வாரத்தில் பயிற்சியும் நடந்தது என்று அறிக்கையில் ஒரு வரி வந்தால் அழகாக இருக்கும் என்று மாவட்ட அலுவலகத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் இருப்பவர்களுக்கு என்ன வேண்டுமானாலும் தோன்றும்.

முதல் நாள் எப்படியோ ஓடிவிட்டது. எச்சில் வேறு, சளி வேறு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுத்தால்தான் சளி என்று அவள் நடித்துக் காட்டியதில் பெண்கள் சிரித்து உருண்டார்கள். இரண்டாம் நாள்தான் அட்டைப் பாடம். போன வருஷத்து நோயாளிகளின் சிகிச்சை அட்டைகளில் ஆறை எடுத்து, பெயர் மேல் காகிதத் துண்டு ஒட்டி, நகல் எடுத்து வைத்திருந்தாள். அதைப் படித்து, நோயாளி குணமானாரா, இறந்தாரா, பாதியில் விட்டுவிட்டாரா என்று பெண்கள் சொல்ல வேண்டும். அட்டைகளைப் பொறுக்கி எடுக்க அவளுக்குக் கிடைத்தது கால் மணி நேரம். நகலில் எழுத்து தெளிவாக விழ வேண்டுமே என்று சுத்தமாக இருந்த அட்டைகளாகப் பார்த்து உருவினாள். அவள் செய்த தவறு அதுதான்.

"நிஜ அட்டை அழுக்கா இருக்கும்," என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னாள். "ஒருநாள் நீலப் பேனா, ஒருநாள் கறுப்பு. ஒரு மூலையில மஞ்சக் கறை, இன்னொரு மூலையில புள்ள கிறுக்கினது. நூத்தி எம்பது நாள் மாத்திரைக்கும் ஒரே பேனாவுல டிக் போட்டிருந்தா என்ன அர்த்தம்?"

"ஒரே நாள்ல உக்காந்து போட்டதுன்னு அர்த்தம்," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

"சபாஷ். நாளைக்கு வர்றவங்க அதைத்தான் மொதல்ல பாப்பாங்க."

மூன்றாம் வரிசையில் தபஸ்வினி கையைத் தூக்கினாள். பாலிமுண்டா கிராமத்து ஆஷா. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நேற்றெல்லாம் வாய் திறக்காமல் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள்.

"நானி," என்றாள். அக்கா என்று கூப்பிட அந்தப் பக்கத்தில் அதுதான் வார்த்தை. "இந்த மூணாம் நம்பர் அட்டை ஒரே பேனா. சாய்ஞ்ச டிக் எல்லாம் ஒரே சாய்வு. அதுவாச்சும் போகட்டும். கடைசி சளி பாத்த தேதியைப் பாருங்க. அன்னிக்கு நுவாகாய்."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. நுவாகாய் அன்று அந்தச் சீமையில் நாய்கூட வேலைக்குப் போகாது. புது நெல்லை அம்மனுக்குப் படைத்து, வீட்டோடு உட்கார்ந்து இலையில் சாப்பிட்டு, பெரியவர்கள் காலில் விழுந்து ஜுகார் சொல்லும் நாள் அது.

"அம்மனுக்குப் படைக்க அரிசி கெடைக்கல போல, சளியை வச்சுட்டாங்க," என்றாள் ஒருத்தி.

"லேப் குணநிதி அண்ணன் நுவாகாய்க்கு மூணு நாள் முன்னாடியே மாமியார் வீட்டுக்கு ஓடிடுவாரே! மைக்ராஸ்கோப்பையும் இடுப்புல கட்டிட்டுப் போனாரா?"

சேபதியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த நகலை வாங்கிப் பார்த்தாள். சாய்ந்த டிக் வரிசை அவளுடையது. ஆறாம் மாதம், சளியில் கிருமி இல்லை, குணம் என்று எழுதியிருந்த கையும் அவளுடையது. பெயர் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைப் பிரிக்காமலே அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. நகலைக் குப்புறக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள்.

"தேதி தப்பா விழுந்திருக்கும். அடுத்த அட்டைக்குப் போங்க," என்றாள்.

தேநீர் வேளையில் மற்றவர்கள் பொரியும் பகோடாவும் வைத்துக்கொண்டு அரட்டை அடிக்க, தபஸ்வினி நேரே அவளிடம் வந்தாள்.

"அது ககேஸ்வர் அட்டைதானே நானி? எடை நாப்பத்தியொண்ணு, வயசு இருபத்தொம்பது. எங்க ஊர்ல வேற யாரு?"

சேபதி மற்றவர்கள் காதில் விழாதபடி அவளை ஓரமாகக் கூட்டிப்போனாள்.

"அவன் திரும்பி வந்துட்டான். செங்கல் சூளையில ஆனியிலதான் வேலை முடியும், ஆனா முதலாளி மாசியிலயே அனுப்பிட்டான். இருமுறான். போன வாரம் ரத்தம் வந்துச்சு. சளி குடு, கொண்டு போறேன்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன். தர மாட்டேங்கிறான்."

"ஏன்?"

"எனக்குக் குணமாயிடுச்சுன்னு டி.பி. நானியே எழுதிக் குடுத்திருக்கா, நீ நேத்து வந்தவ, உனக்கென்ன தெரியும்னு கேக்குறான். இது செங்கல் தூசியாம். மருந்துக்கடைக்காரன் இருமல் சிரப் குடுத்திருக்கான், அதைக் குடிச்சிட்டுக் கெடக்கான்."

சேபதியின் கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது.

அந்த நுவாகாய் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் குளித்து முடித்து, புது அரிசி படைக்கும் லக்னத்துக்கு இன்னும் அரை மணி இருந்தபோது ககேஸ்வர் போன் செய்தான். ஜுகார் நானி, ஜுகார் நானி என்று இரண்டு தடவை சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கினான். ஆறு மாதமாக அவன் தனித் தட்டில், தனிக் கட்டிலில், வாசலுக்கு வெளியே கிடந்தவன். தட்டால் நோய் ஒட்டாது என்று அவள் நூறு தடவை சொல்லியும் ஊரும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. "இன்னிக்கு மட்டும் வீட்டுக்குள்ள உக்காந்து எம் பொண்ணு பக்கத்துல சாப்பிடலாமா நானி? எனக்கு இப்ப இருமலே இல்ல," என்று கேட்டான். கடைசிச் சளிப் பரிசோதனை பத்து நாள் முன்பே செய்திருக்க வேண்டியது. இருமல் நின்றுபோனவனுக்குச் சளி எங்கிருந்து வரும் என்று அவளும் விட்டிருந்தாள், அவனும் வரவில்லை. மாதக் கடைசிக்குள் கணக்கும் அனுப்ப வேண்டும். அப்படிப்பட்ட நாளில், அப்படி ஒரு கேள்விக்கு, லேப் திறந்தபிறகு சொல்கிறேன் என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "உக்காருடா. உனக்குக் குணமாயிடுச்சு," என்று சொல்லிவிட்டாள். போனில் அவன் அழுதான். அவளுக்கும் கண் கலங்கியது. பை அவள் பக்கத்திலேயே இருந்தது. அட்டையை எடுத்து, அதுவரை போடாமலே விட்டிருந்த டிக்குகளையெல்லாம் போட்டு, அன்றைய தேதியையே போட்டு முடித்தாள். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தாள். அடுத்த வாரம் குணச்சான்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பிவைத்தாள்.

இப்போது எழுந்து நேரே மருத்துவ அலுவலர் அறைக்குப் போனாள். டாக்டர் நிராகார் பாணிகிரஹி மோசமான ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் பிரசவம் பார்க்க வருகிறவர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யாரு யாருக்குத் தெரியும்?"

"தபஸ்வினிக்கு. மத்தவங்க வெறும் தேதித் தப்புன்னு நெனச்சுட்டாங்க."

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகல. சேபதி, நாளைக்கு ஒரு நாள். நாளன்னிக்கு மத்தியானம் அவங்க வண்டியேறிடுவாங்க. அப்புறம் அந்தப் பையனைக் கூட்டிட்டு வாங்க, நானே பாக்குறேன். நோய் திரும்பி வந்துடுச்சுன்னு எழுதிப்போம். உலகத்துல எங்கயும் நடக்கறதுதானே? இப்பப் போய் நீங்களே பதிவேட்டைப் பிரிச்சு வச்சீங்கன்னா, ஒரு அட்டை பொய்ன்னா மத்த அட்டை எல்லாமே பொய்ன்னு ஆயிடும். மாவட்டத்துக்கு வர வேண்டிய பாராட்டே போயிடும். உங்க ஒப்பந்தம் வேற பங்குனியோட முடியுது."

"ரத்தம் வருதாம் சார்."

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இத்தனை நாள் பொறுத்தவன் இன்னும் இரண்டு நாள் பொறுக்கலாம்தான். ஒப்பந்தம் போனால் அவள் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி என்றும் அவளுக்குத் தெரியவில்லை. சரி சார் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். மூன்று மணிக்குப் பயிற்சி முடிந்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கிளம்பியபோது, தபஸ்வினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சேபதி ஸ்கூட்டியை எடுத்து, "ஏறு," என்றாள்.

பாலிமுண்டாவில் ககேஸ்வர் வீட்டு முற்றத்தில் இலுப்பைப்பூ காயப்போட்டிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் நாலு வயது மகள் டிக்கி. சேபதியைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"ஜுகார் நானி! என்ன, பெரிய ஆபீசர் வர்றாங்களாமே? நம்ம வீட்டுக்கும் கூட்டிட்டு வா. குணமானவன் எப்படி இருப்பான்னு காட்டுறேன்," என்றான். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து அவனை இரண்டாக மடித்தது.

"பொண்ணை எறக்கி விடு ககேஸ்வர்," என்றாள் சேபதி. "முகத்தை மூடு."

"எதுக்கு? தூசி நானி இது. சூளையில அஞ்சு மாசம் செங்கல் அறுத்தா யாருக்குத்தான் வராது?" உள்ளே குரல் கொடுத்தான். "ருக்குணி, அந்தக் காயிதத்தைக் கொண்டா!"

அவன் மனைவி ருக்குணி வந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். கையில் பிளாஸ்டிக் உறை. உள்ளே சேபதியின் கையெழுத்துடன் குணச்சான்று. குடும்பத்தோடு சூளைக்குப் போனபோதும் கொண்டு போயிருக்கிறார்கள். உறையின் ஓரமெல்லாம் செம்மண்.

"இதைக் காட்டித்தான் அங்க எனக்கு வேலையே குடுத்தான்," என்றான் ககேஸ்வர் பெருமையாக.

சேபதி தரையில் உட்கார்ந்தாள். "அது பொய்," என்றாள். "நான் பாக்காம எழுதினது. நுவாகாய் அன்னிக்கு உன் சளியை யாரும் பாக்கல. நீ ஆசையாக் கேட்டே. நான் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

ககேஸ்வர் சிரிக்கப் பார்த்தான். தபஸ்வினியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் மகளை மெதுவாக மடியிலிருந்து இறக்கினான். அவள் திரும்ப ஏறப் பார்த்தாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். குழந்தை ஒன்றும் புரியாமல் அழ ஆரம்பித்தது.

"இப்பவும் காலம் கெட்டுப்போகல," என்றாள் சேபதி அவசரமாக. பையிலிருந்து சளிக் குப்பியை எடுத்தாள். "நெஞ்சிலேருந்து இருமி இதுல குடு. நானே கையோட கொண்டு போறேன். சாயங்காலத்துக்குள்ள பாத்துச் சொல்லிடறேன்."

சாயங்காலம் என்றால் குழு வருமுன். அந்த எண்ணமும் அவளுக்குள் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. இன்றே தெரிந்துவிட்டால் இன்றே மருந்து, நாளை வாயை மூடிக்கொள்ளலாம்.

ககேஸ்வர் கை நீட்டினான். அதற்குள் ருக்குணி குப்பியை வாங்கிக்கொண்டாள்.

"நீ கொண்டு போக வேணாம்," என்றாள்.

"ருக்குணி..."

"அன்னிக்குப் பாக்காமலே இல்லேன்னு எழுதினே. இன்னிக்குப் பாக்காமலே இருக்குன்னு சொல்றே. நான் எதை நம்பறது?" குரலை உயர்த்தவில்லை. "இதை நீ வழியில வீசிட்டு ஏதாச்சும் எழுதினாலும் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குப் படிக்கத் தெரியாது நானி. நீ எழுதினதை வச்சுத்தான் இருந்தோம். நாளைக்குக் காலையில நானே கொண்டு வர்றேன். சளி பாக்குற அந்தக் கண்ணாடியில எனக்கே காட்டு."

"நாளைக்கு அங்க..." என்று தொடங்கிய சேபதி நிறுத்திக்கொண்டாள். "காலையில எந்திரிச்சதும் வர்ற மொதல் சளிதான் நல்லது," என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான்.

மறுநாள் ஒன்பது மணிக்குத் தபஸ்வினியைக் கூட்டிக்கொண்டு ருக்குணி வந்துவிட்டாள். ஒரு கையில் துணி சுற்றிய குப்பி, இடுப்பில் டிக்கி. ககேஸ்வருக்கு நடக்க முடியவில்லையாம். குழுவின் வண்டி அதற்குள் வந்து, குழுவினர் மூன்று பேரும் பதிவேட்டு அறையில் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் வராந்தாவில் ருக்குணியைப் பார்த்ததும் சேபதியை ஓரமாக இழுத்தார்.

"யார் இது? இன்னிக்குத்தான் கெடச்சுதா? நாளைக்கு வரச் சொல்லுங்க."

"போக மாட்டா சார்."

"நீங்க சொன்னா போவா."

"நான் சொன்னதைக் கேட்டுத்தான் இந்த நெலமைக்கு வந்திருக்கா," என்றாள் சேபதி. அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் குழுவிடம் ஓடினார்.

லேபில் குணநிதி குப்பியைத் திறந்து, தகட்டில் தடவி, சிவப்புச் சாயம் விட்டு, அடியில் தீ காட்டினான். ருக்குணி கண்ணை எடுக்கவே இல்லை. இப்ப என்ன ஊத்துறே, ஏன் கழுவுறே என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். குணநிதிக்கு வழக்கமாக இப்படிக் கேட்டால் கோபம் வரும். அன்று பள்ளிப் பிள்ளை மாதிரி பதில் சொன்னான். நீலச் சாயம் காய்ந்ததும் தகட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தான். கொஞ்ச நேரம் ஆட்டினான். பிறகு நகர்ந்து ஸ்டூலைக் காட்டினான்.

ருக்குணி குழந்தையைத் தபஸ்வினியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் தன் இமை முடிதான் தெரிகிறது என்றாள். குணநிதி திருகைத் திருகினான்.

"நீலமா இருக்கு... சிவப்பா குச்சி குச்சியா... இதுவா?"

"அதேதான்."

"நெறைய இருக்கே," என்றாள்.

அவள் இன்னும் குனிந்திருக்கும்போதே குழுத் தலைவி லேபுக்கு வந்தாள். புவனேஸ்வரிலிருந்து வந்த நரைத்த தலை அம்மாள், கையில் குறிப்பேடு. பின்னால் டாக்டர். நோயாளி வீட்டுப் பெண் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினாள்.

"இவங்க புருஷன் சளி மேடம்," என்றார் டாக்டர் முந்திக்கொண்டு. "போன வருஷம் குணமானவர். சூளைக்குப் போனார், திரும்பி வந்துடுச்சு. எங்க புது ஆஷா உடனே கண்டுபிடிச்சுட்டா. பாருங்க, பயிற்சிக்குக் கைமேல பலன்."

"நல்ல வேலை," என்று அந்த அம்மாள் தபஸ்வினியைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினாள்.

அவ்வளவுதான். கதவு அகலத் திறந்து கிடந்தது. சேபதி பேசாமல் நின்றால் போதும். ககேஸ்வருக்கு இன்றே மருந்து கிடைக்கும், மாவட்டத்துக்குப் பாராட்டு கிடைக்கும், அவளுக்கு இன்னொரு வருஷம் ஒப்பந்தம் கிடைக்கும். ருக்குணி ஸ்டூலிலிருந்து திரும்பிச் சேபதியைப் பார்த்தாள். எப்படியும் இவள் இப்படித்தான் நிற்பாள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை. பழகிப்போன பார்வை. சேபதிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"இல்ல மேடம்," என்றாள். "திரும்பி வரல. குணமாச்சான்னே யாருக்கும் தெரியாது. கடைசிச் சளியை நான் பாக்காம எழுதினேன். தேதி நுவாகாய். அன்னிக்கு லேப் பூட்டியிருந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். குழுத் தலைவியின் பேனா நின்றது.

"இந்த மாதிரி எத்தனை பேருக்கு எழுதினீங்க?"

சேபதி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நேற்றிலிருந்து அவள் மனசில் இருந்தது ஒரே ஓர் அட்டை. இப்போது மற்றவை ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. இருமல் நின்றுவிட்டது, சளி வரவில்லை, நல்லாத்தானே இருக்கிறார் என்று முடித்த அட்டைகள். "போன வருஷம் பதினொண்ணு," என்றாள். "பேர் எல்லாம் தெரியும். சொல்றேன்."

"சொல்லுங்க," என்று அந்த அம்மாள் புதுப் பக்கத்தைத் திருப்பினாள்.

சேபதி முதல் பெயரைச் சொல்வதற்குள் ருக்குணி ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"நானி, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்குப் பாத்திருந்தா, இந்தச் சிவப்பு அன்னிக்கும் இருந்திருக்குமா?"

"தெரியாது ருக்குணி."

"நிஜத்தைச் சொல்லு."

"இதுதான் நிஜம். அன்னிக்குப் பாத்திருந்தாத்தான் தெரிஞ்சிருக்கும்."

ருக்குணி தலையாட்டினாள். தபஸ்வினி கையிலிருந்து குழந்தையை வாங்கி, ஸ்டூலில் உட்கார வைத்தாள். டிக்கி இரண்டு தடவை இருமினாள். சின்ன இருமல்தான், இதுவரை அந்த அறையில் யாரும் காதில் வாங்கவில்லை.

"அப்ப இவளையும் பாத்துடு," என்றாள் ருக்குணி. "ஆறு மாசம் தள்ளி வச்சிருந்தோம். நீ போன்ல சொன்ன அன்னியிலேருந்து இவ அவன் நெஞ்சு மேலதான் தூங்குறா."